வண்டியை நிறுத்திவிட்டு ஏறும் ரயில்

கொலராடோ மாநிலத்தின் தென்மேற்கில், சான் ஹுவான் மலைகளுக்குள் துராங்கோவிலிருந்து சில்வர்ட்டன்வரை 45 மைல் நீளத்துக்கு ஒரு ரயில் பாதை செல்கிறது. சில்வர்ட்டன் சுரங்கங்களில் வெட்டிய வெள்ளித் தாதுவையும் தங்கத் தாதுவையும் கீழே இறக்குவதற்காக டென்வர் - ரியோ கிராண்டே நிறுவனம் இதைப் போட்டது. 1881-இல் தொடங்கிய வேலை 1882 ஜூலையில் முடிந்தது. தண்டவாளங்களுக்கு இடையே 3 அடிதான். வழக்கமான அகலத்தில் போட்டிருந்தால், அனிமாஸ் ஆற்றின் வளைவுகளுக்கெல்லாம் மலையை இன்னும் ஆழமாகக் குடைய வேண்டியிருக்கும், செலவும் பெருகியிருக்கும்.

சுரங்கத் தொழில் நலிந்தபோது இந்தப் பகுதியின் மற்றக் குறும்பாதைகள் பல கைவிடப்பட்டன. சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்கியிருந்ததால் சில்வர்ட்டன் கிளை பிழைத்தது. 1961-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1981-இல் தனியார் கைக்கு மாறியது. 1920-களில் செய்த நீராவி எஞ்சின்கள் இன்றும் இதில் ஓடுகின்றன. 2018 ஜூனில் பாதையை ஒட்டிய காடுகளில் பெருந்தீ பரவியது. அதன் பிறகு, நிலக்கரியில் ஓடிய எஞ்சின்கள் எண்ணெய்க்கு மாற்றப்பட்டன.

படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் அடங்கிய ஆர்.வி. வண்டியில் ஊர் ஊராகச் செல்பவர்களுக்கு இந்த ரயில் ஒரு தனி வசதி. இரண்டு ஊர்களுக்கும் இடையே 550-ஆம் எண் நெடுஞ்சாலையும் உண்டு. அது 10,640 அடி உயரமுள்ள கோல் பேங்க் கணவாயையும், 10,910 அடி உயரமுள்ள மோலாஸ் கணவாயையும் ஏறி இறங்குகிறது. நீண்ட, கனத்த வண்டிக்கு ஏற்றத்தில் எஞ்சின் சூடும் இறக்கத்தில் பிரேக் சூடும் கவலை. சொந்த வண்டி என்றால் சுதந்திரம்தான். ஆனால் மலைச்சாலையில் அந்தச் சுதந்திரம் மற்றவர்களுக்கே. ஓட்டுபவருக்குக் கண்ணில் படுவது அடுத்த வளைவு மட்டும். ரயிலில்தான் அவரும் பயணியாகிறார்.

துராங்கோவுக்கு வடக்கே அனிமாஸ் பள்ளத்தாக்கில் ஆர்.வி. நிறுத்துமிடங்கள் பல உள்ளன. மின்சாரம், தண்ணீர், கழிவுநீர்க் குழாய் இணைப்புள்ள இடத்தில் வண்டியை நிறுத்தி, அடுப்பு எரிவாயுவை மூடிவிட்டுக் கிளம்பினால், முழு நாளையும் நிம்மதியாக ரயிலுக்குக் கொடுத்துவிடலாம். நாள் முழுவதும் தேவைப்படுகிறது: போக மூன்றரை மணி நேரம், சில்வர்ட்டனில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம், திரும்ப மறுபடி மூன்றரை மணி நேரம். அவ்வளவு நேரம் ரயிலில் உட்கார முடியாதவர்கள் ஒரு வழியைப் பேருந்தில் கடக்கலாம்.

முதலில் ரயில் மேய்ச்சல் நிலங்களின் வழியே செல்கிறது. சாலை பக்கத்திலேயே வருகிறது. ராக்வுட்டைத் தாண்டியதும் சாலை விலகி மலைமேல் ஏறிவிடுகிறது. அதற்குப்பின் பாறையை வெட்டிய ஒரு விளிம்பில், ஆற்றுக்கு நூற்றுக்கணக்கான அடி மேலே, ரயில் மிக மெதுவாக நகர்கிறது. பயணத்தின் உச்சம் இதுவே. அப்புறம் பாதை ஆற்றோரம் இறங்கிச் சாலையே இல்லாத ஆழ்ந்த பள்ளத்தாக்கில் நுழைகிறது. வழியில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும். நீடில்டன், எல்க் பார்க் போன்ற இடங்களில் முதுகுப்பையோடு மலையேறுபவர்கள் இறங்கிக்கொள்வார்கள். போகும்போது வலப்பக்க இருக்கையும் திரும்பும்போது இடப்பக்க இருக்கையும் ஆற்றைப் பெரும்பாலும் காட்டும். திறந்த பெட்டியில் காட்சி தடையில்லாமல் கிடைக்கும். புகைக்கரியும் குளிர்காற்றும் கூடவே வரும். கோடையிலும் மேலாடை வேண்டும்.

துராங்கோ 6,512 அடி உயரத்தில் இருக்கிறது; சில்வர்ட்டன் 9,318 அடி. அங்கே காற்று மெலிந்திருப்பதால் வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும். தண்ணீர் அடிக்கடி குடிப்பது நல்லது. சுரங்கக் காலக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும் முக்கியத் தெருவைப் பார்த்துச் சாப்பிட இரண்டு மணி நேரம் போதும்.

துராங்கோவுக்குத் திரும்பிய பிறகு அடுத்த வழியை முடிவு செய்ய வேண்டும். சில்வர்ட்டனுக்கு வடக்கே யூரேவரை செல்லும் 550-ஆம் சாலையின் சில இடங்களில் பள்ளத்தின் விளிம்பில் தடுப்பு இல்லை. பெரிய ஆர்.வி. வைத்திருப்பவர்கள் அதைத் தவிர்க்க நினைத்தால், மேற்கே கோர்ட்டெஸ் போய், டொலோரஸ் வழியாக 145-ஆம் சாலையில் வடக்கு நோக்கிச் செல்லலாம். தூரம் கூடும், ஓட்டுபவருக்குச் சிரமம் குறையும்.