பிணத்துக்கு மருத்துவம்

"இலவசம் என்றாலே கொள்ளைதான், தம்பி! ஏழைக்கு அட்டை கொடுத்ததே தவறு!" என்றார், எங்கள் ஆசிரியர் அறையில் மூத்தவர் ஒருவர். 2023 ஆகஸ்டு மாதம் அது. அவர் கையிலே நாளேடு. அதிலே ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் பற்றிய தணிக்கை அறிக்கை. மாண்டவர் என முன்பே ஏட்டில் பதிவான 3,446 பேருக்கு மருத்துவம் செய்ததாக 6.97 கோடி ரூபாய் வழங்கப்பட்டிருந்தது! புராணச் சாவித்திரி மீட்டதோ ஒரே ஒரு சத்தியவானை!

சினம் எனக்கும்தான். ஆனால், "அந்தப் பணத்தைப் பெற்றுக்கொண்டது பிணமா, ஐயா?" என்று கேட்டேன்.

கேட்டேனே தவிர, நெஞ்சு உறுத்தியது. காரணம் உண்டு, தோழர்களே!

முந்தைய ஆண்டு என் மாணவன் ஒருவனின் தந்தை, கட்டடத் தொழிலாளி, சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது. தனியார் மருத்துவமனையொன்றிலே அட்டையையும் வாங்கினர். ஸ்கேனுக்குத் தனி, மருந்துக்குத் தனி என்று 18,000 ரூபாயும் கேட்டனர். கட்டணமில்லா மருத்துவத்துக்குக் கட்டணம்! தாய் தாலியை அடகு வைத்தாள். உடனிருந்தேன் நான், பட்டதாரி, ஊருக்குப் பகுத்தறிவு பேசுபவன்! புகார் எழுதவில்லை. படுத்துக் கிடப்பவர் அவர்கள் கையில் அல்லவா என்று அஞ்சினேன்.

அட்டையைப் பறித்துவிட்டால் அந்தத் தொழிலாளி எங்கே போவார்? "நோயாளி வீடு திரும்பும்போது, அவர் பெயரால் கேட்ட தொகை இவ்வளவு என்று தமிழில் எழுதிக் கையிலே கொடுத்தாக வேண்டும்" என்றேன் மூத்தவரிடம்.

"கொடுப்பார்களா, தம்பி?" என்று சிரித்தார்.

அந்த முறிந்த காலுக்காக அரசிடம் எவ்வளவு பெற்றனர்? இன்றுவரை அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.