சய 127

2022 ஜூன் மாதம், பிலிமத்தலாவையில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கும் ராத்தா ஒருவருக்கு முட்டை பொரிக்கும் பெட்டியொன்று செய்து கொடுத்தேன். கணவரை இழந்தவர். அறுபது நாட்டுக்கோழி முட்டைகளைக் கடனுக்கு வாங்கி அடுக்கியிருந்தார். பெட்டிக்குள் இரண்டு பல்ப், ஒரு வெப்ப உணரி, இரண்டையும் ஆளும் மைக்ரோகொன்ட்ரோலர். 37.5 பாகைக்குக் கீழே போனால் பல்ப் எரியும். மேலே போனால் அணையும். 21 நாளில் குஞ்சு. புரோகிராம் என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பதினேழாம் நாள் பகல், நான் கண்டியில் வேலையில் இருந்தபோது ராத்தா டெலிபோன் எடுத்தார்.

"தம்பி, பெட்டில கோடொண்டு போட்டு நூத்தி இருவத்தேழு எண்டு விழுந்தீக்கி."

"பிளக்கக் கழட்டித் திரும்பப் போடுங்க ராத்தா."

போட்டார். எண் சரியாயிற்று. நானும் மறந்துபோனேன்.

மறுநாள் சுபஹுக்குப் பிறகு கூப்பிட்டார்கள். பெட்டியைத் திறந்தபோது சூடு முகத்தில் அடித்தது. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"ராவு கரண்ட் போனதாலயா ஈக்கும்" என்றார் ராத்தா.

"ஈக்கும்" என்றேன்.

அந்த வருடத்தில் எதற்கும் மின்வெட்டைச் சொன்னால் போதும், யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். ஆனால் மின்வெட்டு பெட்டியைக் குளிரவைக்கும், சூடாக்காது. அது எனக்குத் தெரியும்.

நான் பாவித்த உணரியின் வயர் கழன்றால், அதை வாசிக்கும் புரோகிராம் பகுதி சய 127 என்ற எண்ணைத் திருப்பித் தரும். அது வெப்பநிலையல்ல, உணரி பதில் தரவில்லை என்பதற்கான குறி. நான் எழுதிய வரிகளுக்கு அது வெறும் எண். 37.5 ஐ விடக் குறைவு, ஆகவே பல்பைப் போடு. இரவு முழுவதும் அதைத்தான் செய்திருக்கிறது, சொன்ன சொல் தவறாமல்.

தெராக் 25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரத்தின் கதையை முன்னரே வாசித்திருந்தேன். 1985க்கும் 1987க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளர்களுக்கு அளவுமீறிய கதிரைப் பாய்ச்சிய இயந்திரம் அது. 1986 மார்ச்சில் டெக்சாஸின் டைலர் நகரில் திரையில் 'கோளாறு 54' என்று விழுந்தது. அதன் பொருள் இயக்குநரின் கைந்நூலில் இல்லை. சில்லறைக் கோளாறுகள் அடிக்கடி வருவதால், தொடர்வதற்கான பொத்தானை அழுத்திப் பழகியிருந்தார்கள். அன்றும் அழுத்தினார்கள். அந்த நோயாளி சில மாதங்களில் இறந்துபோனார். முட்டையை மனித உயிரோடு ஒப்பிடவில்லை. பிளக்கைக் கழற்றிப் போடச் சொன்ன என் வாயைத்தான் சொல்கிறேன்.

புரோகிராமைத் திரும்ப எழுதினேன். பத்துக்குக் கீழோ நாற்பத்தைந்துக்கு மேலோ ஓர் எண் வந்தால் அதை நம்பாதே; பல்பை அணை; மணியை அடி; கரண்ட் போனாலும் அழியாத நினைவகத்தில் பிழையின் இலக்கத்தை எழுது; ஆள் வந்து பொத்தானை அழுத்தும்வரை மீண்டும் தொடங்காதே. திரையில் எண்ணுக்குப் பதிலாக 'வயரைப் பாருங்கள்' என்று விழும். முந்திய புரோகிராமைவிட முப்பது வரிதான் கூட.

இரண்டு கிழமை கழித்து, அறுபது முட்டைக்கான காசையும் எடுத்துக்கொண்டு போனேன். கரண்ட் இல்லை ராத்தா, என்னுடைய பிழைதான் என்று தொடங்கி, வயரையும் சய 127ஐயும் இயன்றவரை விளக்கினேன். அவர் காசை எண்ணவில்லை. கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, நான் டெலிபோன்ல சென்னதும் அதத்தானே தம்பி?"