ஆங்கிலம் தெரியும் என்று யார் சொல்ல வேண்டும்?

1913-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வெளிநாட்டவருக்கென்று ஓர் ஆங்கிலத் தேர்வு நடத்தியது. மொத்தம் 12 மணி நேரம், கட்டணம் 3 பவுண்ட். எழுதியவர்கள் 3 பேர். மூவரும் பெயில்! ஐஇஎல்டிஎஸ் எழுதிவிட்டுப் புலம்புகிறவர்கள் அந்த மூன்று பேரை நினைத்துக் கொஞ்சம் ஆறுதல் அடையலாம். ஒரே ஒரு வித்தியாசம்: அந்தத் தேர்வு ஆங்கில ஆசிரியராக விரும்பியவர்களுக்கானது. அதில் தோற்றதற்காக யாரையும் நாட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை.

இன்று பிரிட்டனுக்குப் படிக்கப் போகும் மாணவரிடம் "உனக்கு ஆங்கிலம் தெரியுமா?" என்று இரண்டு பேர் கேட்கிறார்கள். முதலில் பல்கலைக்கழகம். வகுப்பில் பேராசிரியர் பேசுவது புரியுமா, கட்டுரை எழுத வருமா என்பது அதன் கவலை. அதனால் பாடத்துக்குப் பாடம் அளவு மாறும். சிலதுக்கு ஐஇஎல்டிஎஸ்ஸில் 6 போதும், சட்டத்துக்கு 7, 7.5 என்றெல்லாம் கேட்பார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொல்லிக் கொடுக்கப் போகிறவர் கேட்கிறார், அது நியாயம்தான்.

இரண்டாவதாகக் கேட்பது உள்துறை அமைச்சகம். அதற்கு இருப்பது எல்லைக் கவலை. பட்டப்படிப்புக்கு ஐரோப்பிய அளவுகோலில் பி2, அதாவது ஐஇஎல்டிஎஸ் கணக்கில் ஒவ்வொரு பிரிவிலும் 5.5. இந்த விஷயத்தில் பல்கலைக்கழகமே மாணவரைச் சோதித்துச் சான்று தர விதியில் இடம் உண்டு. ஆனால் உள்துறையிடம் தனியாக ஒரு பட்டியலும் இருக்கிறது: ஆங்கிலத்தைப் பெரும்பான்மையோர் பேசும் நாடுகள். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, அயர்லாந்து, ஜமைக்கா, மால்டா எல்லாம் அதில் உண்டு. இந்த நாட்டுக்காரர்கள் எதையும் நிரூபிக்க வேண்டாம்.

நைஜீரியா அதில் இல்லை. அந்த நாட்டின் ஆட்சிமொழியே ஆங்கிலம், பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை பாடமும் ஆங்கிலத்தில்தான். 2021-ல் நைஜீரிய இளைஞர்கள் இதை எதிர்த்து இணையத்தில் ஓர் இயக்கமே நடத்தினார்கள். சிங்கப்பூரும் இல்லை, இந்தியாவும் இல்லை. இந்தியாவில் பெரும்பான்மையோர் ஆங்கிலம் பேசுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் விண்ணப்பிப்பது ஒரு நாடு அல்லவே, ஓர் ஆள்! எல்.கே.ஜி.யிலிருந்து ஆங்கில மீடியத்தில் படித்து, பி.இ. முழுவதையும் ஆங்கிலத்தில் எழுதி முடித்த ஆளுக்கும் அதே கேள்விதான்.

நல்லவேளையாகப் பல பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில மார்க்கையே ஏற்றுக்கொள்கின்றன. அதிலும் சிபிஎஸ்இ என்றால் ஓர் அளவு, மாநில போர்டு என்றால் அதைவிடக் கூடுதல் மார்க், சில இடங்களில் ஏற்பதே இல்லை. ஐஇஎல்டிஎஸ் எழுதிவிடலாம் என்றால் கட்டணம் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல். முடிவு செல்லுபடியாவது இரண்டு வருடம். அதற்குப் பிறகு ஆங்கிலம் மறந்துபோயிருக்கும் என்று கணக்கு போலிருக்கிறது.

இதெல்லாம் பணமும் எரிச்சலும் சம்பந்தப்பட்டது, பொறுத்துக்கொள்ளலாம். கல்விக்கான தேர்வை எல்லைக் காவலுக்குப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதுதான் பெரிய விஷயம். பிரிட்டனில் அது நடந்தே விட்டது.

2011-ல் தெரசா மே உள்துறை அமைச்சராக இருந்தபோது மாணவர் விசாவுக்கான ஆங்கில விதிகள் இறுக்கப்பட்டன. பி2 வந்தது அப்போதுதான். விசாவை நீட்டிக்க ஏற்கப்பட்ட தேர்வுகளில் ஒன்று, அமெரிக்காவின் ஈடிஎஸ் நிறுவனம் நடத்திய டோயிக். (டோஃபல் நடத்தும் அதே ஈடிஎஸ்தான்.) 2014 பிப்ரவரியில் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி ரகசியக் கேமராவில் எடுத்ததைக் காட்டியது. லண்டன் தேர்வு மையம் ஒன்றில் மாணவர்களுக்குப் பதிலாக வேறு ஆட்கள் உட்கார்ந்து தேர்வு எழுதினார்கள், இன்னொரு தாளுக்கு விடைகளை உரக்க வாசித்தார்கள். மோசடி உண்மை. நடத்தியவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் பின்னால் தண்டனையும் பெற்றார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் விபரீதம். பிரிட்டனில் 2011 முதல் 2014 வரை எழுதப்பட்ட டோயிக் தேர்வுகளை அலசும்படி உள்துறை ஈடிஎஸ்ஸிடம் கேட்டது. குரலை அடையாளம் காணும் மென்பொருளும், அதன் முடிவைக் காதால் கேட்டுச் சரிபார்க்க ஆட்களும் வைத்து அலசினார்கள். மொத்தம் 58,458 தேர்வுகள். அதில் 33,663 செல்லாதவை, 22,476 சந்தேகத்துக்குரியவை! நூற்றுக்கு 96, 97 பேர் மீது சந்தேகம் என்றால், கணக்குப் போட்டவரையே ஒருமுறை திரும்பக் கேட்கத் தோன்ற வேண்டாமா? பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2019-ல் தந்த அறிக்கையின் சாரம் ஏறக்குறைய அதுதான். வந்த பட்டியலைச் சரிபார்க்காமலே உள்துறை விசாக்களை ரத்து செய்யத் தொடங்கியிருந்தது.

"செல்லாதவை" பட்டியலில் பெயர் வந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசத்து மாணவர்கள். பாதிப் படிப்பில் கல்லூரி வெளியே அனுப்பியது. கட்டிய கட்டணம் போனது. வேலை பார்க்கத் தடை, சிலருக்குக் கைது. மேல்முறையீடு செய்ய வேண்டுமா? பலருக்குக் கிடைத்த பதில், முதலில் நாட்டை விட்டுப் போ, பிறகு அங்கிருந்து செய் என்பது. உள்ளே இருந்தபடியே முறையிட வழிவிடும் தீர்ப்பு 2017 கடைசியில்தான் வந்தது. தன் குரல் என்று சொல்லப்பட்ட ஒலிப்பதிவைக் கேட்டு வாங்குவதற்கே பலர் அலைய வேண்டியிருந்தது.

இதில் எத்தனை பேர் ஏமாற்றினார்கள், எத்தனை பேர் நேர்மையாக எழுதினார்கள் என்று பிரித்துச் சொல்ல இன்றுவரை ஒருவராலும் முடியவில்லை. 2019-க்குள் 3,000-க்கும் மேற்பட்ட மேல்முறையீடுகள் மாணவர்கள் பக்கம் முடிந்தன. 2016-ல் ஒரு தீர்ப்பாயம் உள்துறையின் ஆதாரங்களில் பல பலவீனங்கள் இருப்பதாகச் சொன்னது. 2022-ல் இன்னொரு அமர்வு அதே ஆதாரங்கள் வலுவானவை என்றது. நீதிபதிகளுக்கே இத்தனை குழப்பம். நீதிமன்றத்தில் ஆங்கிலத்திலேயே சாட்சி சொன்ன மாணவர்களும் உண்டு. ஆனால் அது கணக்கில் பெரிதாக வரவில்லை, ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவரும் ஆள் வைத்து எழுதியிருக்கலாமே என்பது எதிர்வாதம். அதுவும் சரிதான். அப்படியென்றால் இந்த வழக்கே ஆங்கிலத்தைப் பற்றியது இல்லை என்றாகிறது.

ஊர் திரும்பியவர்களுக்கும் பிரச்சினை தீரவில்லை. வேறு நாட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்தால், பல நாடுகளின் விசா படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: இதற்கு முன் எந்த நாடாவது உங்கள் விசாவை மறுத்ததா, ரத்து செய்ததா? "ஆம்" என்று எழுத வேண்டும். அடுத்த வரியில் காரணத்தையும் எழுத வேண்டும், ஆங்கிலத்தில்.