பத்தரை வோல்ற்று

மாமாவின் பழைய கேரவனில் இருக்கிற பிரிஜ், ரொறன்ரோவில் வீட்டு வாசலில் நிற்கும்வரை ஒருநாளும் குழப்படி செய்ததில்லை. அல்கொன்குவின் காட்டுக்குப் போய்ச் சேர்ந்த அன்று பின்னேரம்தான் நின்றுபோனது. கரண்ட் இணைப்பு இல்லாத இடம். உள்ளே பால், இறைச்சி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அம்மாவின் ஒரு மாத இன்சுலின்.

"காஸ் முடிஞ்சிருக்கும்" எண்டார் மாமா. அடுப்பு நீலமாக எரிந்தது. "அப்ப பிரிஜ் செத்துப்போச்சு. புதுசு வாங்கவேணும்."

அம்மா ஒண்டும் சொல்லவில்லை. இன்சுலினைத் துவாயால் சுற்றி, ஐஸ் நேரே படாமல் ஐஸ் பெட்டிக்குள் வைத்தா. உறைந்தாலும் அது பழுதுதான். இடம்பெயர்ந்த காலத்தில் அம்மம்மாவின் மருந்தை மண்பானையில் வைத்துக் காப்பாற்றின கை அது.

இந்த வகைப் பிரிஜ்ஜில் கொம்பிரசர் இல்லை. 1922இல் ஸ்டொக்ஹோமில் இரண்டு மாணவர்கள், வொன் பிளாட்டனும் முந்தெர்சும், உருவாக்கின முறை: அமோனியாக் கரைசலைச் சூடாக்கிக் குளிர் எடுப்பது. சூடு கரண்டிலிருந்தும் வரலாம், காஸிலிருந்தும் வரலாம். ஆனால் காஸ் வால்வைத் திறந்து நெருப்பை மூட்டுகிற சின்னப் பலகைக்கு எப்போதும் பற்றரியின் 12 வோல்ற்று வேணும். பத்தரைக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் அது வேலை செய்யாது.

பிரிஜ்ஜின் உள் லைற் மட்டும் மங்கலாக எரிந்ததைக் கண்டேன். மற்ற லைற்றெல்லாம் பளிச்சென்று இருந்தது.

"மாமா, மல்ரிமீற்றர் இருக்கோ?"

"உனக்கேன் பிள்ளை இந்த வேலை? வயரில கை வையாதை."

"இருக்கிறதைக் குடன்" எண்டா அம்மா. அக்கா சொன்னால் மாமா மறுக்கமாட்டார்.

பியூஸ் நல்லாயிருந்தது. பற்றரியில் 12.5. பிரிஜ்ஜின் பின்பக்கம், அது மூட்ட முயலுகிற நேரம் பார்த்தால் 9.8. நிறுத்திவிட்டு அளந்தால் திரும்ப 12.5! மின்னோட்டம் ஓடும்போது மட்டும் குறைகிறதென்றால் வழியில் எங்கேயோ தடை இருக்கிறது. உயர்தரத்தில் பாடமாக்கின ஓமின் விதி, முதன்முதல் எனக்கு உதவினது அன்றுதான்.

வீட்டில் ஏன் ஓடினது? அங்கே சார்ஜர் 13.6 கொடுக்கும். 2.7 தொலைந்தாலும் 10.9 மிச்சம்.

கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டு போனேன். சட்டத்தில் பூட்டியிருந்த ஆணி முழுக்கத் துரு. பற்றரியின் வயரைக் கழற்றிவிட்டு, அரத்தாளால் தேய்த்து, திரும்ப இறுக்கினோம். 12.3. டிக், டிக், பிறகு மெல்லிய இரைச்சல்.

மாமா குனிந்து நெருப்பைப் பார்த்தார். "எட, இவ்வளவுதானே!"

இன்சுலினை உள்ளே வைக்கப் போனேன். அம்மா பெட்டியை விடவில்லை.

"விடியட்டும் பிள்ளை. முதல்ல அது குளிருதோ எண்டு பாப்பம்."