சீட்டும் சத்தியமும்

திருவொற்றியூரில் எங்கள் கொல்லையில் ஒரு மாமரம் நிற்கிறது. ஒட்டு மல்கோவா என்று சீட்டுக் கட்டி விற்ற கன்று. 6 வருஷம் தண்ணீர் ஊற்றினேன். காய்த்தது நார் மாங்காய்!

அந்தப் புளிப்பு நாக்கை விட்டு அகலுமுன், திருச்சூரை அடுத்த வெள்ளானிக்கரையில், கேரள விவசாயப் பல்கலைக் கழகத்தின் கோகோ மரங்களைப் பார்க்க நேர்ந்தது. கோகோ அடிமரத்திலேயே பூக்கிறது. பூ விரல் நகத்தளவு. கொசுவிலும் சிறிய பூச்சிதான் அதற்குக் கல்யாணத் தரகர். கலப்பினம் வேண்டுமென்றால் தரகரை நம்ப முடியாது. மறுநாள் மலரும் மொட்டை மாலையே மூடிவைத்து, காலையில் தந்தை மரத்தின் மகரந்தத்தை இடுக்கியால் எடுத்துத் தடவி, மறுபடி மூடிச் சீட்டுக் கட்டுகிறார்கள். காய் பழுக்க 5, 6 மாதம். அதன் விதை மரமாகிக் காய்க்க 3 வருஷம். அதுவரை குடியானவனுக்குச் சீட்டுதான் சாட்சி.

ஒரு பூவில் மூடி நழுவியிருந்தது. வேலை செய்த அம்மாள் யாரையும் கேட்கவில்லை. பூவைக் கிள்ளி எறிந்துவிட்டாள்.

எங்கள் ஊர் மகிழடியில் சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறிச் சுந்தரர் கண்ணிழந்தார். சீட்டுக் கட்டுவதும் சத்தியந்தானே? மாங்கன்று விற்றவருக்கு என்னவோ இன்னும் கண் நன்றாகத்தான் தெரிகிறது.