பங்குனிப் பங்காளிகள்

ஹோலி நெருங்குகிறது என்று நமக்குக் காலண்டர் வந்து சொன்னதில்லை. மாடிக் கைப்பிடிச் சுவர்களில் ரஜாய்கள் வெயில் காயும். அந்துருண்டை வாசனை படிக்கட்டு வழியாகத் தரைத்தளம் வரைக்கும் இறங்கும். வேப்பமரங்கள் ஒரே வாரத்தில் இலையெல்லாம் கொட்டிவிடும். கூட்டுகிறவர் அந்தக் கோடிக்குப் போவதற்குள் இந்தக் கோடி மறுபடி சருகாகிவிடும். முள்ளிலவம்பூ தொப்பென்று விழும். எடுத்துப் பார்த்தால் குழிக்குள் நாலைந்து எறும்பு, விழுந்தது கூடத் தெரியாமல் தேன் குடித்துக்கொண்டிருக்கும். டெல்லி ஆர்.கே.புரத்தில் ஒரு பங்குனியாவது கழித்தவர்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம்.

எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் பெரிய டால்டா டின் ஒன்றில் கறிவேப்பிலைச் செடி இருந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கன்று. மார்கழிக் குளிரில் மொட்டையாகி, இனி இல்லை என்று நாங்கள் முடிவுகட்டிய பிறகு, மாசிக் கடைசியில் செம்பழுப்பாய்த் துளிர் விடும். துளிர்த்த செய்தி அம்மாவுக்கு எட்டுமுன் பட்டாம்பூச்சிக்கு எட்டிவிடும். கறுப்பும் மஞ்சளுமாய் ஒன்று வந்து, இலைக்கு ஒரு முட்டை வைத்துவிட்டுப் போகும். எலுமிச்சை அழகி என்று இப்போது அதற்கு அழகான பெயர் இருக்கிறது. அப்போது எங்களுக்கு அது வெறும் பூச்சி.

புழு முதலில் காக்கை எச்சம் மாதிரி கறுப்பும் வெளுப்புமாய் இருக்கும். யாரும் தொட மாட்டார்கள் என்று அதற்கே ஒரு தைரியம். வளர வளரப் பச்சையாகும். ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பு நீட்டும். ஒரு நெடி வரும். நானும் கீழ்வீட்டுப் பையனும் அந்தக் கொம்புக்காகவே ஸ்கூல் விட்டு ஓடி வருவோம். அம்மா பார்த்தால் அதட்டுவாள். "பச்சைக் குழந்தைடா அது, சாப்பிடற நேரத்துல சீண்டாதே." டெல்லியில் கறிவேப்பிலை என்ன விலை விற்றது என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்த வார்த்தையின் மதிப்பு தெரியும். ஒரு கொத்து ரசத்துக்கு, ஒரு கொத்து புழுவுக்கு. ரசம் மணக்காத நாளில் அப்பா கேட்பார். "உங்க பங்காளி சாப்பிட்டாச்சு" என்று பதில் வரும்.

எறும்புக்கு வாசலில் மாக்கோலம். அரிசி மாவுதான்; கல்மாவு வாங்கித் தந்தாலும் அம்மா தொட மாட்டாள். கீழ்வீட்டு பீஜிக்குக் கோலம் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் சனிக்கிழமை காலையில் கோதுமை மாவில் சர்க்கரை கலந்து, அரசமர வேரடியில் எறும்புப் புற்றைத் தேடித் தூவிவிட்டு வருவாள். அம்மாவுக்கு இந்தி வராது, பீஜிக்குத் தமிழ் வராது. ஒருநாள் பீஜி வாசலில் நின்று, கோலத்தின் மேல் ஊரும் வரிசையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், சிரித்தாள். அதிலிருந்து அம்மா ஊருக்குப் போகும் நாட்களில் எங்கள் வாசலுக்கும் சேர்த்து பீஜியே மாவு தூவிவிடுவாள். கோலமாக இராது, சும்மா ஒரு பிடி. பிள்ளையார் எறும்புகள் குறை சொன்னதில்லை.

ஆர்.கே.புரத்து முருகன் கோயிலான மலை மந்திரில் பங்குனி உத்திரக் கூட்டத்திலும் இதேதான். 1973-இல் கும்பாபிஷேகம் ஆன புதிதில், காவடி வரும் படிகளில் பஞ்சாமிர்தம் சொட்டிய இடமெல்லாம் கறுப்பாய் மொய்த்திருக்கும். மாமிகள் புடவையைத் தூக்கிப் பிடித்து, அந்தப் படியை மட்டும் தாண்டிக் கால் வைப்பார்கள். அன்பு, கருணை என்று யாரும் இதற்குப் பெயர் வைக்கவில்லை. டி.எம்.எஸ். பூத்தில் பால் வாங்குவது, குழாய் வரும் நேரத்தில் வாளி நிரப்புவது, எறும்புக்கு மாவு போடுவது எல்லாம் வீட்டு வேலைதான். கரப்புக்கும் கொசுவுக்கும் இந்தச் சலுகை கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஃப்ளிட் பம்பு இல்லாத வீடு எது?

பள்ளியில் எங்கள் தமிழ் ஐயா அகநானூற்றின் நாலாம் பாட்டை நடத்திய நாள் நினைவிருக்கிறது. குறுங்குடி மருதனார் பாட்டு. சோலையில் பூந்தாது உண்ணும் வண்டுகள் மிரண்டுவிடும் என்று தேர் மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான் தலைவன். அன்று சாயங்காலம் நாங்கள் இலவ மரத்தடியில் சைக்கிள் மணி அடிக்காமல் போனோம். சில நாள் அது சட்டமாகவே இருந்தது. மீறினால் ஐந்து பைசா அபராதம். மேலே மலைத்தேனீ கூடு தொங்கியதால் பயமும் ஒரு காரணம் என்பது வேறு விஷயம்.

சித்திரைப் பிறப்புக்கு வேப்பம்பூ வேண்டும். விடிகாலையில் மரத்தடியில் பழைய வேட்டியை விரிப்போம். உதிர்ந்த பூவோடு பொடிப்பொடி வண்டும் சேர்ந்து வரும். "வெயில்ல வை, அதது தானா எறங்கிப் போயிடும்" என்பாள் மேல்மாடி மாமி. ஒரு மணி நேரம் காத்திருந்துதான் பூவை முறத்தில் அள்ளுவோம். அதே நாட்களில் ஹாலில் ஃபேன் கிண்ணத்துக்குள் சிட்டுக்குருவி குடும்பம் நடத்தும். புழுக்கம் ஏற ஏற நாங்கள் விசிறியோடு திண்டாடுவோம். அப்பா மத்திய சர்க்கார் குமாஸ்தா; ‘மறு உத்தரவு வரும் வரை போடக்கூடாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஸ்விட்சின் மேல் ஒட்டிவிட்டார். தவறி விழுந்த குஞ்சு ஒன்றை அட்டைப் பெட்டியில் வைத்து, சாந்தினி சவுக் லால் மந்திரில் ஜைனர்கள் நடத்தும் பறவை ஆஸ்பத்திரி வரைக்கும் பஸ்ஸில் கொண்டுபோனதும் அவர்தான். 2012-இல் சிட்டுக்குருவியை டெல்லியின் மாநிலப் பறவை ஆக்கினார்கள். பதவி வரும்போது ஆள் அங்கே இல்லை.

பீஜி போய்ச் சேர்ந்தாள். மேல்மாடி மாமி மாம்பலத்தில் பிள்ளை வீட்டோடு இருந்து, அவளும் போய்விட்டாள். 2018-இல் பக்கத்து சரோஜினி நகரில் அடுக்குமாடிக்காக மரங்களை வெட்டப்போகிறார்கள் என்றபோது ஜனங்கள் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்கள், உயர் நீதிமன்றம் தடை போட்டது என்று படித்தேன். அந்தக் கூட்டத்தில் நம் காலனிப் பிள்ளைகள் எத்தனை பேரோ! எங்கள் பிளாக் இருந்த இடத்தில் இன்று தகரத் தடுப்பு. வாசல் இல்லை, ஆகையால் மாக்கோலமும் இல்லை.

உங்களில் யாராவது அந்தப் பக்கத்து உயரக் கட்டடங்களில் குடியிருந்தால், பால்கனியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி வையுங்கள். மாசித் துளிருக்கு மருந்து அடிக்காமல் ஒரு மாதம் விடுங்கள். அந்தப் பூச்சி பன்னிரண்டாம் மாடிக்கும் ஏறி வருகிறதா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.