அசல் எது?

தேக்கா உணவங்காடியில் தமிழ் முஸ்லிம் கடை மீ கோரெங்கை நீங்கள் உண்டிருப்பீர்கள். அண்மையில் ஊரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் அதை உண்டுவிட்டு, "சுவை நன்று; ஆனால் இது சீன உணவுமன்று, நம் உணவுமன்று; அசலன்று" எனத் தீர்ப்பளித்தார்.

அத்தீர்ப்பைச் சற்று ஆராய்ந்து பாருங்கள். மஞ்சள் மீ சீனர் கொணர்ந்தது. 'மீ' ஹொக்கியன் சொல். 'கோரெங்' வறுத்தலைக் குறிக்கும் மலாய்ச் சொல். மிளகாய் விழுதும் தக்காளிச் சாஸும் உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துப் பெருந்தீயில் புரட்டி இவ்வுருவம் தந்தவர்களோ தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்த சமையற்காரர்கள். அண்டை வீட்டார் பொருளைத் தம் கைப்பக்குவத்தில் சமைத்து, மூவினத்தார்க்கும் பரிமாறினார்கள். இதன் மூலத்தைச் சீனாவிலோ தமிழகத்திலோ தேடிக் காண இயலாது. சிங்கப்பூரும் மலேசியாவுமே இதன் சொந்த மண்.

ஆகவே மீ குழையாதிருக்கிறதா, காரமும் புளிப்பும் இசைந்திருக்கின்றனவா, தீயின் மணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இவ்வுணவுக்குரிய அளவுகோல் இதுவே.

உணவோடு நின்றால் இதை நான் எழுதியிரேன். இங்கே பிறந்து, மலாயும் ஆங்கிலமும் கலந்து தமிழ் பேசும் நம் பிள்ளைகளையும் அதே தராசில் அல்லவா நிறுக்கிறோம்? "உன் தமிழ் அசலன்று" என்று கேட்ட பிள்ளை, மறுமுறை வாய் திறவாது. அவர்கள் பேசும்போது திருத்துமுன், முழுவதும் கேளுங்கள்.